பானை எடுத்த பம்புசெட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு மிளகாய் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் இல்லை. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் எல்லோரும் கூடி, என் முன்னிலையில், என் சம்மதம் கேட்டு வைத்த சின்னம் அது. சம்மதிக்காமல் என்ன செய்வது? நான் ஆசைப்பட்டுக் கேட்ட பூவையும் பழத்தையும் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுந்து தள்ளுபடி செய்துவிட்டது. இரண்டுமே ஏதோ கட்சியின் சின்னமாம், கட்சிச் சின்னத்துக்கு இங்கே இடமில்லையாம். அன்று காலையில்தான் மேசையைத் தட்டிக் கூரை அதிரக் கத்தியிருந்தேன். அதனால் மிளகாய் பொருத்தமாக இருக்கும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படத்தைத் தன் சின்னமாகத் தேர்ந்தெடுத்து அட்டைத் துண்டில் வரைந்து கொடுக்க வேண்டும். அந்த அட்டைகள் எல்லாம் ஒரு மண்பானையில் கிடக்கும். யார் மணியடிப்பது, யார் காலையில் செய்தி வாசிப்பது, சத்துணவில் முதல் கரண்டியை யார் ருசி பார்ப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று எது வந்தாலும் பானைதான். பள்ளியிலேயே எது சின்னப் பிள்ளையோ அது கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஓர் அட்டையை எடுக்கும். எடுத்தது எடுத்ததுதான். மறுபடி குலுக்குவது என்ற பேச்சே கிடையாது.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் யாருக்கும் குடவோலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக்கூட அழைத்துப்போய்க் கோயில் சுவரில் கல்வெட்டைக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏற்றுவார்கள். எங்கள் பானை அங்கிருந்து வந்ததா என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. அங்கே ஓலையில் பெயர் எழுதினார்கள், இங்கே மட்டும் ஏன் படம் என்று நான் யோசித்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாதே என்று நானே ஒரு பதிலும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

இந்தச் சின்னம் பள்ளியோடு முடிந்துபோவதில்லை. பால் சொசைட்டியில் பால் அளந்து வாங்குகிறவர் நண்டு. பேருந்து நிறுத்தத்தில் கடை வைத்திருக்கும் அம்மா தூக்குச்சட்டி. ஒரு பையன் ஜேசிபி வேண்டும் என்று அடம்பிடித்து வரைந்தான். அது வந்த விதத்தைப் பார்த்துவிட்டு ஊரே அவனை ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிடுகிறது. இப்போது அவன் நிஜமாகவே ஜேசிபி ஓட்டுகிறான், பெயர் மட்டும் மாறவில்லை. இதை எழுதும்போது யார் பெயரையும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அது ஒரு கஷ்டமே இல்லை.

பள்ளிக்கூடம் ஏரிக்கரை இறக்கத்தில், ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தூரம்தான் நடக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்போது வேனில் ஏறி மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போகிறார்கள். மீதியை வைத்துக்கொண்டு நானும் இன்னொரு டீச்சரும் ஐந்து வகுப்பையும் ஓட்டுகிறோம். சத்தமாகத்தான் ஓட்டுகிறோம்.

பள்ளி தொடங்கி நூறு வருஷம் தாண்டிவிட்டது, விழா எடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விழாவில் பள்ளியின் வரலாற்றை ஒரு பிள்ளை மேடையேறி வாசிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். எந்தப் பிள்ளை என்பதைப் பானை சொல்லும். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பானையைக் குலுக்கி, அந்த வருஷம் சேர்ந்த பொடிசு ஒன்றைத் தூக்கி நிறுத்தினோம். அது முழங்கை வரை கையை விட்டுத் துழாவி ஓர் அட்டையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது. பம்புசெட்டு.

பம்புசெட்டு நான்காம் வகுப்பு, காலனிப் பெண். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பாதான் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியின் வேன் டிரைவர். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, தன் பெண்ணை மட்டும் எங்களிடம் அனுப்புகிறாரே என்று நான் ஒருமுறை கேட்டேன். “வேன்ல குந்தின பசங்க தூங்கிக்கினே போவுதுங்க டீச்சர். இது நட்ந்து போவுது, முயிச்சிக்கினு கீது” என்றார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. அதை உதவிக் கல்வி அலுவலரிடம்கூடச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

பம்புசெட்டு நன்றாகப் படிப்பாள். சிக்கல் என்னவென்றால் அவள் புத்தகத்தைப் படிக்கும்போதே வீட்டுத் தமிழுக்கு மாற்றிப் படிப்பாள். “மரத்தின் மேல் கிளி இருக்கிறது” என்று அச்சடித்திருக்கும். அவள் எழுத்தைப் பார்ப்பாள், கிளியைப் பார்ப்பாள், “மரத்து மேல கிளி கீது” என்பாள். படித்தது புரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நான் விட்டுவிடுவேன். நானும் இந்தப் பக்கத்து ஓரிக்கைக்காரிதான். எனக்குள்ளேயும் ஒரு ‘கீது’ உண்டு. ஆசிரியர் பயிற்சியில் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டேன் என்றாலும் கோபம் வந்தால் ‘இன்னா’வைக் கையோடு அழைத்துக்கொண்டு அது வெளியே வந்துவிடும்.

அட்டை வந்த அன்று சாயங்காலமே ஏணி வந்துவிட்டார். ஏணி எங்கள் பழைய மாணவர், ஊரில் நிலபுலம் உள்ள குடும்பம், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பந்தல், நாற்காலி, மைக்செட்டு என்று விழா வேலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்கு இருக்கும் பாசத்தைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. அந்தப் பாசம்தான் அன்று பிரச்சினையாக வந்தது. ஐந்தாம் வகுப்பில் மயில் என்று ஒரு பெண் இருக்கிறாள், மணிமணியாகச் செந்தமிழ் பேசுவாள், அவளை வாசிக்கச் சொல்லலாமே என்றார். அட்டை பம்புசெட்டுக்கு வந்திருக்கிறதே என்றேன். மறுபடி ஒருமுறை குலுக்கினால் போயிற்று என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவருடைய காலத்தில் ஏணி அட்டை வந்து அவர் மணியடித்தபோது யாராவது மறுபடி குலுக்கச் சொன்னார்களா என்று கேட்டேன். மணிக்கு வாய் இல்லை டீச்சர் என்றார். பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

“அதிகாரிங்க வராங்க. அந்தப் பொண்ணு மைக்ல நின்னுக்கினு கீது கீதுன்னா, நூறு வருஷமா இன்னா சொல்லிக் குட்த்தீங்கன்னு நம்மளத்தான் கேப்பாங்க” என்றார் ஏணி. அவரே ‘நின்னுக்கினு’ என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பம்புசெட்டே வாசிக்கட்டும். அவள் தப்பில்லாமல் வாசித்துவிட்டால் பானை எப்போதும்போல நடக்கும். மேடையில் மானம் போனால், இனிமேல் எந்த விழாவுக்கும் பானை கிடையாது, திறமை பார்த்து டீச்சர்களே ஆள் எடுக்க வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லி எல்லோரையும் தலையாட்ட வைத்துவிட்டுத்தான் ஏணி ஓய்ந்தார். ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையின் நாக்கில் இத்தனை பெரிய விஷயத்தைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. திறமை பார்த்து எடுப்பதில் தப்பில்லைதான். ஆனால் டீச்சர் கண்ணுக்குத் திறமை எந்தத் தெருவிலிருந்து முதலில் தெரியும் என்பதை நான் வேலை பார்த்த பள்ளிகளில் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

வரலாற்றை நான் எழுதினேன். ஏணியிடம் கேட்டேன், ஊரில் நாலு பேரிடம் கேட்டேன். யார் மணியடிப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்ததால்தான் பானை வந்தது என்றார் ஏணி. அப்படியே எழுதிக்கொண்டேன். மற்றபடி “பல தடைகளைக் கடந்து” என்று ஒரு வரி போட்டேன். எந்தப் பள்ளி வரலாற்றிலும் இந்த வரி இருக்கும். என்ன தடை என்று யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொரு தந்திரமும் செய்தேன். ‘இருக்கிறது’ வரும் இடத்தையெல்லாம் தூக்கிவிட்டு ‘நிற்கிறது’, ‘நடக்கிறது’, ‘வளர்கிறது’ என்று நிரப்பினேன்.

ஆனாலும் எனக்குப் பயம். வாய் தவறி எங்கேயாவது அந்தச் சொல் வந்துவிட்டால்? பம்புசெட்டை உட்கார வைத்துத் தினமும் பழக்கினேன். ஒரு சூத்திரமும் சொல்லிக்கொடுத்தேன். வாயில் ‘கீ’ வருகிற மாதிரி தெரிந்தால் உடனே நிறுத்து, ஒரு மூச்சு விடு, ‘இருக்கி’ என்று தொடங்கு. அவள் கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் அவள் அப்பா வேனைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தார். வேனுக்குள் மெட்ரிகுலேஷன் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள்.

“டீச்சர், வூட்ல பேஜாரா கீது. நாஷ்டா கீதான்னு கேட்டா, இருக்கிறதான்னு கேளு நைனான்றா. அது வரைக்கும் தட்டு வெக்க வுடமாட்டேன்றா” என்றார். குறை சொல்ல வந்தவர் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குறையைச் சொல்வதில் அவருக்கு இருந்த சந்தோஷம் தனியாகத் தெரிந்தது.

அதே வாரம் சத்துணவுக் கூடத்திலிருந்து ஓடிவந்து, “டீச்சர், இன்று இருக்கிரைக் கூட்டு” என்றாள் பம்புசெட்டு. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. கீரை. கீரையில் உள்ள ‘கீ’யையும் அவள் விடவில்லை. நானும் இன்னொரு டீச்சரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கீரை கீரைதான் என்று சொல்லித் திருத்திவிட்டு அதை அத்தோடு மறந்தும்போனேன். என் சூத்திரத்தில் ஓட்டை இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விழா அன்று காலையில் ஏணி தாளை ஒருமுறை பார்க்கக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பள்ளி முதலில் ஓலைக் கொட்டகையில் தொடங்கியது என்று எழுதியிருந்தேன். ஓலை என்றால் பனை ஓலை, அது பனை இல்லை, தென்னங்கீற்று, வரலாறு என்று எழுதும்போது சரியாக எழுத வேண்டும் என்றார். பேனாவை வாங்கி அவரே ஓலையை அடித்துவிட்டுக் கீற்று என்று எழுதினார். பந்தலுக்குத் தோரணம் வரவில்லை, மைக்செட்டுக்காரர் போனை எடுக்கவில்லை என்று நான் பறந்துகொண்டிருந்தேன். தாளை அப்படியே வாங்கிப் பம்புசெட்டின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் பந்தல் நிறைந்துவிட்டது. ஊரும் வந்தது, காலனியும் வந்தது, வேனில் போகிற பிள்ளைகளும் வந்து முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். மேடையில் அதிகாரிகள், அவர்கள் பக்கத்தில் ஏணி, ஓரத்தில் நான். பம்புசெட்டுக்கு மைக் எட்டவில்லை. சத்துணவுக் கூடத்து முக்காலியைக் கொண்டுவந்து அதன் மேல் நிறுத்தினோம். இரட்டைச் சடையில் அவள் அம்மா வைத்த கனகாம்பரம் அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வணக்கம் சொன்னாள். “நம் பள்ளி நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் உறுதியாக நிற்கிறது” என்று முதல் வரியை வாசித்தாள். ஒரு பிசிறு இல்லை. ஏணி என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். “தொடக்கத்தில் நம் பள்ளி ஒரு” என்று அடுத்த வரிக்குப் போனவள் சட்டென்று நின்றாள். தாளைப் பார்த்தபடி உதட்டை மடித்துக்கொண்டாள். எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பழக்கியபடியே ஒரு மூச்சு விட்டாள், அது மைக்கில் புஸ்ஸென்று கேட்டது.

“ஒரு இருக்கிற்றுக் கொட்டகையில் தொடங்கியது” என்றாள்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு தரையில் இருந்த பிள்ளைகளிடமிருந்து சிரிப்பு கிளம்பியது, அது பின்னால் நின்றவர்கள் வரை போயிற்று. அதிகாரி ஒருவர் இன்னொருவர் காதில் என்னவோ கேட்டார். பம்புசெட்டு தாளைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நீங்கள் சொன்னபடிதானே செய்தேன் என்று அந்தப் பார்வை கேட்டது. அவளை இறக்கித் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் ஏணி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்திருந்தார். அது அவர் கையால் எழுதிய சொல்.

“அது தப்பில்லம்மா. கீத்து. கீத்துக் கொட்டா” என்றார்.

பம்புசெட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். “கீத்துன்னு சொல்லலாமா?” என்று மைக்கிலேயே கேட்டாள். கூட்டம் மறுபடி சிரித்தது, ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. பின்னாலிருந்து அவள் அப்பாவின் குரல், சொல்லலாம் சொல்லலாம் என்றது.

“அந்தக் கீத்துக் கொட்டா எனக்குத் தெரியும்” என்றாள் அவள். தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “எங்க தாத்தாவோட நைனா அதுல தான் பட்ச்சாரு. அதுல பாதி பேரு உள்ள குந்துவாங்களாம், பாதி பேரு வெளிய மண்ல. எங்காளுங்க எல்லாம் வெளிய. மய வந்தா மட்டும் எல்லாரையும் உள்ள கூப்ட்டுக்குவாங்களாம். அதனால எங்க தாத்தாவோட நைனா டெய்லியும் மய வரணும், மய வரணும்னு வேண்டிக்கினே இருப்பாராம்.”

பந்தலில் சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்னுடைய “பல தடைகளைக் கடந்து” அவள் கக்கத்தில் கசங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இப்போது பயமே இல்லை. வீட்டில் கேட்ட கதையை வீட்டில் சொல்கிற மாதிரியே சொன்னாள். மழை விட்டதும் பிள்ளைகளை மறுபடி வெளியே அனுப்புவதைப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் பார்த்தாராம். மழைக்கு ஒரு நியாயம், வெயிலுக்கு ஒரு நியாயமா என்று கேட்டு, தன் வீட்டிலிருந்து ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்தாராம். யார் எங்கே உட்காருவது என்பதை இனிமேல் பானை சொல்லும் என்றாராம். பெயர் எழுதினால் எந்தத் தெருப் பிள்ளை என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அட்டையை மாற்றிவிடுவார்கள் என்று, பெயருக்குப் பதிலாகப் படம் போடச் சொன்னாராம். அவள் தாத்தாவின் அப்பா வரைந்த படம் இறவைச் சால். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சால். அதனால்தான் இவள் பம்புசெட்டு.

இத்தனை வருஷம் அந்தப் பானையைக் குலுக்கிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது. ஊரில் நாலு பேரிடம் கேட்டேன் என்று சொன்னேனே, அந்த நாலு பேரும் எந்தப் பக்கத்தவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை, மறைக்கவும் இல்லை.

பம்புசெட்டுக்குக் கதையை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. சடையைப் பின்னால் தள்ளிவிட்டாள். ஏணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையில் கலந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

“இப்ப மய வர்லன்னாலும் எல்லாரும் உள்ளதான் கீறோம்” என்றாள். “நன்றி, வணக்கம்.”

முக்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். எங்கிருந்து முதலில் கைதட்டல் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அது நிற்கவும் வெகுநேரம் ஆயிற்று. ஏணி கைதட்டவில்லை. வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி அவள் இறங்கிப்போன படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியுரை அவருடையது, ஒலிபெருக்கியில் அவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

“உள்ள குந்தினு இருந்தவரு எங்க தாத்தா. மய வரக்கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்திருப்பாரு” என்றார். “பானைய யாரும் தொட வேணாம் டீச்சர்.”

பிறகு மைக்குக்குப் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்திருந்தவர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்.